டிங்டிங் அத்தையின் வீடு

வாத்தியத்தை வாசித்து முடித்ததும் யாராவது கை தட்டினால் டிங்டிங் அத்தைக்குக் கோபம் வந்துவிடும்.

"ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்து சுத்திப் பார்த்துட்டு, கடைசியில கை தட்டிட்டுப் போவாங்களா?" என்று கேட்பார்.

ஒருமுறை எதிர்ச் சந்தில் ஆர்மோனியம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் படியேறி வந்து, தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். மரியாதையான மனிதர். முடிந்ததும் மெதுவாக, "இது என்ன ராகம்மா?" என்றார்.

"ராகம் இல்லைங்க. நடை."

"சரி, தாளம்?"

"எங்கண்ணா கால்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தவர், அறை நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில் தோளைச் சாய்த்து ஒதுங்கிச் சுற்றிப் போனார். அத்தையின் பழைய வீட்டில் அந்த இடத்தில் ஒரு தூண் இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகளா, மட்டாஞ்சேரியில் நாம் இருந்த இடத்தைச் சின்னவள் பார்த்ததில்லை. அவள் அப்போது பிறக்கவில்லை. பெரியவளே, மலர், உனக்கு நாலு வயசு. அது குடியிருக்கக் கட்டின வீடு இல்லை. சுக்கு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி. முன்பக்கம் முழுக்கச் சுக்கு. பின்பக்கம் கீழே ஒற்றை அறையில் நாம். மேலே இரண்டு அறைகளில் அவரும் அவருடைய அண்ணனும். டிங்டிங் அத்தை என்று பெயர் வைத்தது நீதான். உங்கம்மாவும் நானும் அக்கா என்று கூப்பிடுவோம்.

மேல் அறையின் பின்சுவரில் ஓர் இரட்டைக் கதவு உண்டு. திறந்தால் படி கிடையாது, கைப்பிடி கிடையாது. வெறும் காற்று. கீழே கருங்கல் துறை, அதற்கப்பால் காயல். முந்தின காலத்தில் தோணியில் வந்த மூட்டைகளைக் கப்பி போட்டு அந்த வழியாக மேலே இழுத்தார்களாம். எங்கள் காலத்திலும் எப்போதாவது இழுப்பார்கள். மற்ற நாளில் அதில் ஒரு பூட்டு தொங்கும்.

அவர்கள் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் மூன்று தலைமுறையாகக் கொச்சங்காடியில் இருந்தவர்கள். பேச்சில் மலையாளம் வந்து வந்து போகும். அங்கே இருந்த சொந்த வீட்டை விற்றார்கள். வாங்கினவர்கள் அதை இடித்து, ஒரு லாட்ஜுக்கு வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். அண்ணனுக்குச் சர்க்கரையில் கண் இரண்டும் போயிருந்தது. பழைய வீட்டில் இருந்தவரை அவருக்குக் கண் தெரியாது என்றே வெளியாள் யாருக்கும் தெரியாதாம். தானே கிணற்றடிக்குப் போவார், தானே குளிப்பார், தானே சட்டையை எடுத்து மாட்டுவார். கிட்டங்கிக்கு வந்த பிறகு கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நெற்றியை இடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதிருக்கிறார். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று ஒரே பேச்சு.

வீடு இல்லை. எங்கே கூட்டிப்போவது? அதனால் அக்கா வீட்டைச் செய்ய ஆரம்பித்தார்.

புல்புல்தாரா என்று ஒரு வாத்தியம். நீளப் பெட்டி, மேலே கம்பிகள், அவற்றை அமுக்க டைப் மிஷின் மாதிரி வரிசையாகப் பொத்தான்கள். ஒரு கையால் பொத்தானை அமுக்கி, மறு கையால் கம்பியைத் தட்டுவார்கள். அக்காவுக்குச் சங்கீதம் தெரியாது. பாட்டும் தெரியாது. வாசல்படி, திண்டு, தூண், அரிசி அறைக் கதவு, அண்ணன் கட்டில், தாழ்ந்த நிலைப்படி, சமையல்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் சத்தத்தைத் தேடிப் பிடித்து, அண்ணன் நடக்கிற வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நடப்பார். இந்த இரண்டு அறையில் அந்த ஆறு அறை எப்படி அடங்கியது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கட்டட வேலை செய்கிறவன், அளந்தும் பார்த்தேன். அடங்காது. அவர் நடந்தார்.

ஒரு சத்தத்துக்காக நாலு நாள் உட்காருவார். அரிசி அறைக் கதவுக்குக் காசால் கம்பியை உரசினார், புளியங்கொட்டையால் உரசினார். "இது எதுண்ணா?" என்று கேட்பார். அண்ணன் கட்டிலில் படுத்தபடி, "இது பக்கத்து வீட்டுக் கதவு" என்பார். அவ்வளவுதான், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து. நாலாம் நாள் தீப்பெட்டியின் ஓரத்தால் உரசினார். அண்ணன் பதறி எழுந்து உட்கார்ந்தார். "அடியே, கதவைச் சாத்து! அரிசியில எலி விழப் போகுது!"

அக்கா அழுதுகொண்டே சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

என்னிடம் ஒருநாள், "மேஸ்திரி, வெட்டுக்கல் சுவரைத் தட்டினா என்ன சத்தம் வரும்? செங்கல் மாதிரியா?" என்றார். வேலையிடத்திலிருந்து ஒரு வெட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பூனையை வைத்துக்கொள்கிற மாதிரி மடியில் வைத்து ஒரு வாரம் தட்டிக்கொண்டிருந்தார். நான் விளையாட்டாக, "எக்ஸ்ட்ரா ஒரு ஜன்னல் சேர்த்து வாசிங்கக்கா, அண்ணனுக்குக் காத்து வரட்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இல்லாத ஜன்னலைத் திறந்தா அதுக்கு வெளியே என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அதுதான் அவர். இருந்ததில் ஒன்று குறையக் கூடாது, இல்லாததில் ஒன்று கூடக் கூடாது.

தினமும் சாயங்காலம் நம் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கும். பின்னாலேயே அண்ணனின் காலடி. சந்து முனைச் சாயாக்கடைக்காரர், "மேஸ்திரி, மேலே வீடு துறந்தோ?" என்று கேலி பேசுவார். கடை திறந்ததா என்று கேட்கிற மாதிரி. நானும் சிரித்துக்கொண்டே சாயா குடிப்பேன். என் காதுக்குள் என்ன போய்க்கொண்டிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

கொச்சங்காடியில் ஒரு லாட்ஜுக்குக் காவல்காரர் கக்கூஸ் கட்டுகிற வேலை வந்தது. வண்டி நிறுத்துகிற வெறும் இடம். அது இவர்கள் வீடு இருந்த மனை என்று எனக்குத் தெரியாது. கேட்டில் நுழைந்தேன். சமதரையில் என் வலது கால் தானாக ஒரு படி ஏறியது. நாலு எட்டு வைத்தேன். தோளைச் சாய்த்து எதையோ சுற்றினேன். இடது பக்கம் திரும்பினேன். தலையைக் குனிந்தேன். கூட வந்த ஆட்கள், "எந்தா மேஸ்திரி, காலையிலேயே போட்டுட்டீங்களா?" என்று சிரித்தார்கள். ஓரிடத்தில் கால் நின்றுவிட்டது. அங்கே தோண்டச் சொன்னேன். இரண்டடி ஆழத்தில் ஒரு கருங்கல் வாசற்கல். நடுவில் கால்பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "சமையல்கட்டு வாசல். அதைத் தாண்டிப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லக்கா. பாட்டு அதோட முடிஞ்சிடுதே."

"முடியலை மேஸ்திரி. நான் நிறுத்தறேன்."

சமையல்கட்டுக்கு அப்பால் கொல்லை. கிணறு, துவைக்கிற கல். அவர்கள் அம்மா உயிரோடு இருந்தவரை பொழுதெல்லாம் அங்கேதான் இருப்பாராம். "கொல்லையை வாசிச்சா அண்ணா இறங்கிப் போயிடுவார். இந்த வீட்டுல அந்தத் திசையில என்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். அந்தப் பூட்டுப் போட்ட கதவு.

இதற்குப் பிறகு நடந்ததை மலருக்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு ஒன்றும் நினைவில்லை என்கிறாய்.

நல்ல மழைக்காலம். வேலை இல்லாமல் நான் வீட்டில் படுத்திருந்தேன். நீ மேலே விளையாடப் போயிருந்தாய். அக்கா ரேஷன் கடைக்குப் போனது எனக்குத் தெரியாது. முந்தின நாள் மூட்டை இழுத்தவர்கள் அந்தக் கதவைத் திரும்பப் பூட்டாமல் போனதும் யாருக்கும் தெரியாது. மேலே நீ வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுகிற சத்தம் கேட்டது. அக்கா வாசிக்கிற அதே வழி. பின்னாலேயே அண்ணனின் காலடி. தூணைச் சுற்றியது. கட்டிலைக் கடந்தது. தாழ்ந்த நிலையில் தயங்கியது. சமையல்கட்டுக்குள் போனது. கண்ணை மூடி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலடி நிற்கவில்லை.

நான் படியேறியது எனக்கு நினைவில்லை. மேலே போய்ப் பார்க்கிறேன், ஒரு கதவு திறந்து காற்றில் ஆடுகிறது, மழை உள்ளே அடிக்கிறது. அண்ணன் விளிம்பில் நிற்கிறார். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நீ. இருவர் முகத்திலும் நல்ல சந்தோஷம். நான் கேட்டே இராத ஒன்றை நீ முனகிக்கொண்டிருந்தாய்.

கத்தினால் அவர் பதறி முன்னால் வைத்துவிடுவார். ஓடினாலும் அப்படித்தான். அதனால், சோறு ஊட்டும்போது பேசுகிற குரலில், "மலர், போதும்டா. நிறுத்து" என்றேன்.

நீ நிறுத்தினாய். அவர் தூக்கின காலைத் தூக்கினபடியே நின்றார். "ஏன் நிறுத்திட்டே மோளே? இறங்கற படி எங்கே?" என்றார். இடுப்போடு சேர்த்து அவரைப் பிடித்து இழுத்து, மூன்று பேரும் ஈரத் தரையில் விழுந்தோம்.

அக்கா குடையோடு வந்து நின்றார். திறந்த கதவைப் பார்த்தார். உன்னைத் திட்டவில்லை. உன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மோளே, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா? அண்ணாவா?" என்றார்.

"இல்லத்தை. அதுக்கப்புறம் அதுதானே வரும்" என்றாய்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவை அடைத்துச் சுவர் எழுப்பித் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். "அண்ணா போறது அந்தக் கதவுக்கு இல்லை மேஸ்திரி. கொல்லைக்கு. அங்கே அடைச்சாதான் ஆகும்" என்றார். ஒரு செங்கல்லும் என் கரண்டியும் கேட்டு வாங்கினார். மறுநாள் சாயங்காலம் சமையல்கட்டோடு நிறுத்தாமல், அதற்கு மேல் மொட்டையாக மூன்று சத்தம் சேர்த்து வாசித்தார். கேட்கும்போதே என் மூக்கில் ஏதோ இடித்த மாதிரி இருந்தது. அவர் வாழ்நாளில் அந்த வீட்டில் இல்லாத ஒன்றைச் சேர்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் நடந்து வந்து, அறை நடுவில், வெறும் காற்றில் கையை ஊன்றி நின்றுவிட்டார்.

"இங்கே யார் சுவர் வச்சது?"

"மழை அடிச்சதுண்ணா. அதான்."

"அம்மா அந்தப் பக்கம் நிக்கறாளே."



அன்றிலிருந்து அண்ணன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இல்லாத சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். சாய்ந்தே நிற்பார், பிள்ளைகளா. சாய்ந்தால் விழ வேண்டும் அல்லவா? விழவில்லை. சோறு வைத்தால், "அம்மா வெளியே நனையறா, எனக்கு எதுக்குச் சோறு?" என்பார். மூன்று நாள் வெறும் தண்ணீர். நாலாம் நாள் அதுவும் வேண்டாம் என்றார். உங்கம்மா கஞ்சி கொண்டுபோய்க் கெஞ்சினாள். "பெத்தவளை மழையில நிறுத்திட்டுக் கஞ்சி குடிக்கச் சொல்றியா நீ?" என்று அவளைக் கேட்டார். கீழே வந்து உங்கம்மா அழுதாள்.

ஐந்தாம் நாள் காலையில் அக்கா இறங்கி வந்தார். தலை வாரவில்லை.

"மேஸ்திரி, நிஜச் சுவர் ஒண்ணு கட்டணும். அந்தக் கதவை அடைச்சுடுங்க. அப்போதான் நான் என் பொய்ச் சுவரை எடுக்க முடியும்."

கிட்டங்கி முதலாளி முதலில் முரண்டு பிடித்தார். அண்ணன் நிற்கிற கோலத்தை வந்து பார்த்துவிட்டு, கட்டிக்கொள் என்று கையசைத்துவிட்டுப் போனார். ஒன்பது இஞ்ச் சுவர், ஒரே நாளில் எழுப்பினேன். உள்பக்கம் பூசினேன். வெளிப்பக்கம் பூச முடியவில்லை. நின்று பூச அங்கே இடம் ஏது?

மறுநாள் சாயங்காலம் எங்களையும் மேலே கூப்பிட்டார். உங்கம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலோரம் நின்றாள். அக்கா வாசிக்க ஆரம்பித்தார். வாசல்படி, தூண், கட்டில், தாழ்ந்த நிலை, சமையல்கட்டு. அந்த மூன்று மொட்டைச் சத்தம் வரவில்லை. சமையல்கட்டைத் தாண்டி, முதல் தடவையாக, கொல்லை. மழையன்று நீ முனகினது அப்படியே அதுதான். அண்ணன் படி இறங்குகிற மாதிரி இறங்கி, நேராகப் போய் என் சுவரைத் தொட்டார். உள்ளங்கை இரண்டையும் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமாம்மா. சாப்பிடறேன். ஆமாம்மா." பிறகு தலையை அக்கா பக்கம் திருப்பி, "உன்னைத்தான் கேட்கறா. இத்தனை வருஷமா நீ ஏன் உள்ளே வரலைங்கறா."

"நான் வாசிச்சிட்டிருக்கேனேண்ணா" என்றார் அக்கா. கை நிற்கவில்லை.

"எப்போ கேட்டாலும் இதே பதில்."

அக்கா எழுந்தால் வாசிப்பு நிற்கும். நின்றால் வீடு கிடையாது. அந்த வீட்டைக் கட்டினவர் அவர் ஒருத்தர்தான், அதற்குள் போகாதவரும் அவர் ஒருத்தர்தான். அந்த நிமிஷம் வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

அவர் உன்னைப் பார்த்தார். "மலர்மோளே, நீ பாடறியா? கொஞ்சமே கொஞ்ச நேரம்."

உங்கம்மா என் கையைக் கிள்ளினாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறாள். எனக்குப் புரிந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு நான் சொல்லவில்லை. அது என் தப்பா என்று இன்றும் தெரியவில்லை.

நீ பாடினாய். அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தார். எழுந்தார். தாழ்ந்த நிலை இருந்த இடத்தில் குனிந்தார். கொல்லைக்குள் கால் வைக்கும்போது, சேறு படாமல் இருக்கச் சேலையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டார். போய் அண்ணன் பக்கத்தில் நின்றார். மெல்லப் பேசினார். சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை சிரிக்கிற மாதிரி.

மூச்சு வாங்கி நீ நிறுத்திவிட்டாய். அண்ணன் திரும்பி, கட்டிலுக்கு வந்து, "சோறு இருக்கா?" என்றார். அக்கா திரும்பவில்லை. நான் கிட்டப்போய், "அக்கா" என்றேன். சுவரைப் பார்த்தபடியே, "துணி இன்னும் காயலை. இருந்து எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிட்டார். உடம்பு தேறினார். அக்கா புல்புல்தாராவைத் தொடவே இல்லை. சமைப்பார், துவைப்பார், கூப்பிட்டால் பேசுவார். ஆனால் பேசும்போது நம் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பார். நம் அறைக்கு வந்தாலும் இல்லாத நிலைப்படிக்குக் குனிவார். நீ அவரிடம் ஓடுவதை உங்கம்மா நிறுத்திவிட்டாள். ஆலுவாவில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்ததும், அந்த வாரமே போய்விடலாம் என்றாள்.

சாமான் வண்டியில் ஏறியது. சொல்லிக்கொண்டு போகலாம் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கதவைத் தட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்தார். நம் இருவரையும் மரியாதையாகப் பார்த்தார்.

"யாரு? யாரைப் பார்க்கணும்?"

"நான்தானக்கா. மேஸ்திரி. கீழ் வீடு."

"கீழ் வீடா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டுக்குக் கீழ் வீடு கிடையாதே. தரையோட இருக்கிற வீடுதான் இது. பரவாயில்லை, உட்காருங்க. அம்மா பின்னால இருக்கா. கூப்பிடட்டுமா?"

அவருக்குப் பின்னால் அறைக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது. "நீங்க கிளம்புங்க மேஸ்திரி. நான் பார்த்துக்கறேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் புல்புல்தாரா. கண் தெரியாத விரல்கள் பொத்தான்களைத் தடவித் தேடின. ஒன்றை அமுக்கினார். தப்பு. அடுத்தது சரி. கொல்லையிலிருந்து சமையல்கட்டு, சமையல்கட்டிலிருந்து தாழ்ந்த நிலை என்று, பின்னாலிருந்து முன்னால், வெளியே வருகிற வழியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அக்கா காதைச் சாய்த்தார். எங்களை மறந்து திரும்பினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எட்டு வைத்து, குனிந்து, அண்ணன் இருந்த பக்கம் நடந்தார். பாதி வழியில் அண்ணனுக்கு அடுத்த பொத்தான் கிடைக்கவில்லை. அக்கா ஒரு காலைத் தூக்கியபடி காத்து நின்றார்.

என் தோளில் இருந்த உன் உதடு அசைந்தது. அடுத்தது என்ன என்று உனக்குத் தெரியும்.

நான் உன் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினேன். ஆலுவா வரும்வரை நீ என்னோடு பேசவில்லை.